கூடிப் படிக்கும் கதை

நூலைத் தனித்திருந்து படிப்பது ஓர் இன்பம். பலர் கூடிப் படிப்பது மற்றோர் இன்பம். தனியே படிப்பவன் தான் கண்டதையே காண்பான். கூடிப் படிப்பவனோ, தன் கண்ணுக்குத் தப்பியதைத் தோழனுடைய கண்ணாலும் காண்பான். தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் பாரதக் கதையை ஒருவர் படிக்க, ஊரார் சூழ்ந்திருந்து கேட்கும் வழக்கம் நெடுங்காலம் நிலவியது. படித்தவர் ஒருவரே, ஆயினும், கர்ணன் செய்தது சரியா தவறா என்று கதை முடிந்த பின்னும் திண்ணைகளில் வழக்காடியவர் பலர். அவ்வழக்கத்தை ஒத்ததே இக்காலத்துப் படிப்பு வட்டம்.

எட்டுப் பேரோ பத்துப் பேரோ ஒன்று சேர்கின்றனர். திங்கள்தோறும் ஒரு நூலைத் தேர்கின்றனர். அனைவரும் அதனைத் தத்தம் இல்லத்தில் படித்து வந்து, குறித்த நாளில் கூடி, அதனைப்பற்றி உரையாடுகின்றனர். இதில் படிப்பது எளிது, பேசுவது இனிது, தேர்வதே அரிது. பொருந்தாத நூலைத் தேர்ந்து விட்டால், பாதிப் பேர் படியாமலே வருவர். படித்தவரும் "நன்றாக இருந்தது" என்று ஒரு சொல் சொல்லி வாளா இருப்பர். அத்தகைய கூட்டம் இரண்டு மூன்று திங்களில் கலைந்து போகும்.

தேர்வு மிகவும் அரிதாவது விஞ்ஞானக் கதைகளிலும் அற்புதக் கதைகளிலும் ஆம். இவ்விருவகை நூல்களையும் இளைஞர் பெரிதும் விரும்புகின்றனர். ஆதலின், புத்தகக் கடைகளில் இவை மலிந்து கிடக்கின்றன. ஒன்றன் அட்டையில் விண்கலம் தீப்பிழம்புடன் எழுகின்றது. மற்றொன்றன் அட்டையில் அனல் கக்கும் பறவைநாகம் சிறகு விரிக்கின்றது. அட்டையைக் கண்டு மயங்காமல், உள்ளே இருப்பதை அளந்து தேர்வது எங்ஙனம்?

முதலில் இவ்விருவகைக் கதைகளின் இயல்பை அறிதல் வேண்டும். இயற்கையின் விதிகளுக்கு உடன்பட்டு நின்று, இன்று இல்லாத ஒரு பொறியோ ஆற்றலோ நாளை உண்டாகுமாயின் மக்கள் வாழ்வு யாதாகும் என்று ஆராய்வது விஞ்ஞானக் கதை. அவ்விதிகளையே மாற்றி, மந்திரமும் மாயமும் உலவும் வேறோர் உலகத்தைப் படைத்து, அதில் வாழ்வோரின் இன்பதுன்பங்களைக் கூறுவது அற்புதக் கதை. இரண்டும் இல்லாததைப் பேசுகின்றன. ஆயினும், இரண்டிலும் சிறந்தவை, உள்ளதைக் காட்டுவதற்காகவே இல்லாததைப் பேசுகின்றன.

இவ்வுண்மையைத் தமிழ்ப் புலவர் ஒருவர் ஆயிரம் ஆண்டுகட்கு முன்பே உணர்ந்திருந்தார். திருத்தக்கதேவர் இயற்றிய சீவக சிந்தாமணியில், வானத்தில் பறக்கும் மயிற்பொறி ஒன்று வருகின்றது. அதன் திருகினை வலப்புறம் திரித்தால் அது மேலெழுந்து பறக்கும். இடப்புறம் திரித்தால் நிலத்தில் இறங்கும். சச்சந்தன் என்னும் அரசனை அமைச்சன் கட்டியங்காரன் சூழ்ச்சியால் வளைத்துக்கொண்டபோது, கருவுற்றிருந்த தன் தேவியை அரசன் அப்பொறியில் ஏற்றி அனுப்பினான். விசயை வானவழியே தப்பினாள், சுடுகாட்டில் இறங்கினாள், அங்கே சீவகனைப் பெற்றாள். பறக்கும் பொறியைக் கண்டு வியந்த உள்ளம், சுடுகாட்டில் துணையின்றிக் கிடக்கும் அரசியைக் கண்டு உருகுகின்றது. பொறி அவளை அங்குக் கொண்டு சேர்த்ததோடு தன் வேலையை முடித்துக்கொள்கின்றது. காவியத்தின் உயிர் அவளிடமே இருக்கின்றது.

புதுமைக் கதைகளைத் தேர்வோருக்கு இதுவே முதல் அளவுகோல். கதையில் உள்ள பொறி எத்துணை வியப்புடையது என்று கேட்டால் போதாது. அதன்முன் நிற்கும் மனிதன் எந்நிலைக்கு ஆளாகின்றான் என்று கேட்டல் வேண்டும்.

சிலர் வேறோர் அளவுகோலைக் கையாளுகின்றனர். கதாசிரியர் எழுதியது பின்னாளில் பலித்ததா என்று நோக்கி, பலித்திருந்தால் நூல் சிறந்தது என்கின்றனர். இவ்வளவுகோல் எத்தன்மையது என்பதைச் சந்திரனுக்குச் செல்லும் இரு கதைகளைக் கொண்டு ஆராயலாம்.

பிரெஞ்சு நாட்டு ஜூல்ஸ் வெர்ன், 1865ஆம் ஆண்டில் "பூமியிலிருந்து சந்திரனுக்கு" என்னும் நாவலை வெளியிட்டார். அதில், அமெரிக்காவின் பிளாரிடாப் பகுதியில் 900 அடி நீளமுள்ள பீரங்கி ஒன்றை நிலத்தில் புதைத்து, அதிலிருந்து ஒரு பெருங்குண்டைச் சந்திரனை நோக்கிச் சுடுகின்றனர். குண்டினுள் மூவர் அமர்ந்து செல்கின்றனர். அதன் தொடர்ச்சியாக வந்த நூலில், அம்மூவரும் சந்திரனில் இறங்காமல் அதனைச் சுற்றித் திரும்பிப் பசிபிக் பெருங்கடலில் வந்து விழுகின்றனர். நூறு ஆண்டுகளுக்குப் பின், 1968 டிசம்பரில், அப்பல்லோ 8 என்னும் விண்கலம் பிளாரிடாவிலிருந்தே கிளம்பியது. அதிலும் மூவரே இருந்தனர். அவர்களும் சந்திரனில் இறங்காது அதனைச் சுற்றி வந்து பசிபிக் பெருங்கடலிலேயே இறங்கினர். வெர்ன் கண்ட கனவு எத்துணைப் பொருத்தமாகப் பலித்தது!

ஆனால், இன்னொரு பக்கமும் உண்டு. பீரங்கியில் வைத்துச் சுட்டால், குண்டு புறப்படும் அந்த நொடியிலேயே உள்ளே இருப்பவர் நசுங்கி மாண்டுபோவர். மூவர் என்பதும் பிளாரிடா என்பதும் பசிபிக் என்பதும் பொருந்தின. பயணத்தின் உயிரான பொறி பொருந்தவில்லை.

இங்கிலாந்து நாட்டு எச். ஜி. வெல்ஸ், 1901ஆம் ஆண்டில் "சந்திரனில் முதல் மனிதர்" என்னும் நாவலை வெளியிட்டார். அதில் காவர் என்னும் ஆராய்ச்சியாளர், புவியீர்ப்பைத் தடுத்து நிறுத்தும் ஒரு பொருளைச் செய்கின்றார். அதனைப் பூசிய கோளத்தில் ஏறிச் சந்திரனை அடைகின்றார். முதுமையுற்றிருந்த வெர்ன் இதனை உடன்படவில்லை. தாம் பௌதிகத்தைப் பயன்படுத்தியதாகவும், வெல்ஸோ இல்லாத பொருளைப் படைத்துக்கொண்டதாகவும் அவர் குறைகூறினார். அக்குறையில் உண்மை உண்டு. புவியீர்ப்பைத் தடுக்கும் பொருளை இன்றுவரை ஒருவரும் கண்டதில்லை.

ஆயினும், வெல்ஸின் கதையில் ஒரு காட்சி வருகின்றது. சந்திரனின் உட்பகுதியில் எறும்பு போன்ற அறிவுயிர்கள் வாழ்கின்றன. அங்கு ஒவ்வொருவனும் ஒரே தொழிலுக்கெனப் பிறவியிலிருந்தே உருவாக்கப்படுகின்றான். பொறி இயக்கும் தொழிலாளியாக வேண்டிய குழந்தையை ஒரு சாடியில் அடைத்து வைக்கின்றனர். அதன் முன்னங்கைகள் மட்டுமே வெளியே நீண்டு வளர்கின்றன. உடலின் மற்றப் பகுதிகள் குறுகிப் போகின்றன. இதனைக் கண்டு காவர் நடுங்குகின்றார். ஆனால் சற்றே சிந்தித்தபின், பிள்ளைகளை முதலில் மனிதராக வளரவிட்டு, அதன் பிறகு அவர்களைப் பொறிகளாக ஆக்கும் பூவுலக முறையைக் காட்டிலும் இது கொடியதோ என்று ஐயுறுகின்றார்.

இக்காட்சியைப் படித்துவிட்டு மாணவர் பத்துப் பேர் கூடியிருப்பதாகக் கொள்க. "பள்ளிக்கூடமும் ஒரு சாடிதானோ?" என்று ஒருவன் கேட்பான். "இல்லை, இளமையிலேயே ஒரு தொழிலில் பயிற்சி பெறுவது நல்லதே" என்று ஒருத்தி மறுப்பாள். "யார் எந்தத் தொழிலுக்கு என்பதை முடிவு செய்பவர் யார்?" என்று மூன்றாமவர் வினவுவார். மணி போவது தெரியாது. காவரின் பொருள் பொய். காவர் எழுப்பிய வினா மெய். வெர்னின் நாவலில் கணக்கும் முயற்சியும் கண்டு மகிழலாம். அதுவும் படிக்கத் தக்கதே. ஆனால், கூடிப் பேசுவதற்கு உரியது எது என்று கேட்டால், வெல்ஸின் நாவல் முந்திக்கொள்ளும். பலிக்கும் கதை பாராட்டுக்கு உரியது; வினா எழுப்பும் கதையே வட்டத்துக்கு உரியது.

வினா எழுப்புவதற்கு நூல் பெரியதாக இருத்தல் வேண்டும் என்பதில்லை. 1905ஆம் ஆண்டில், சென்னையிலிருந்து வெளிவந்த பெண்கள் பத்திரிகை ஒன்றில், "சுல்தானாவின் கனவு" என்னும் ஆங்கிலச் சிறுகதை வெளியாயிற்று. அதனை எழுதியவர் வங்காளத்தைச் சேர்ந்த பேகம் ரொக்கேயா. அக்கதையில் ஆடவர் வீட்டினுள் அடைபட்டு இருக்கின்றனர். மகளிர் நாட்டை ஆளுகின்றனர். அந்நாட்டுப் பெண்கள் சூரியனின் வெப்பத்தைச் சேமித்து அடுப்பெரிக்கின்றனர். வானில் ஊர்தி செலுத்துகின்றனர். படையெடுத்து வந்த பகைவரையும் அவ்வெப்பத்தைக் குவித்தே விரட்டுகின்றனர். ஆடவர் அடைபட்டிருப்பதைப் படிக்கும்போது சிரிப்பு வருகின்றது. சிரித்து முடித்ததும், பெண்கள் அடைபட்டிருந்தபோது யாரும் சிரிக்கவில்லையே என்னும் எண்ணம் எழுகின்றது. ஒரு மணி நேரத்தில் படித்துவிடக்கூடிய இக்கதை, புதிதாகத் தொடங்கும் வட்டத்தின் முதற் கூட்டத்துக்கு மிகவும் பொருந்தும்.

சற்று நீண்ட நூல் வேண்டுவோர் மேரி ஷெல்லியின் "பிராங்கன்ஸ்டைன்" என்னும் நாவலை நாடலாம். அந்நூலே கூடிப் படித்தலின் பயனாகப் பிறந்தது. 1815ஆம் ஆண்டில் இந்தோனேசியத் தீவுகளில் உள்ள தம்போரா எரிமலை வெடித்தது. அதன் புகையும் சாம்பலும் வானில் பரவியமையால், அடுத்த ஆண்டு ஐரோப்பாவில் கோடையே குளிர்ந்து போயிற்று. சுவிட்சர்லாந்தில் ஜெனீவா ஏரிக்கரையில் தங்கியிருந்த ஆங்கிலக் கவிஞர் பைரனும், ஷெல்லியும், பதினெட்டு வயது நிரம்பிய மேரியும் மழைக்கு அஞ்சி வீட்டினுள் இருந்து பேய்க் கதைகளைப் படித்தனர். ஆளுக்கொரு கதை எழுதுவோம் என்று பைரன் கூறினார். மேரி எழுதத் தொடங்கிய கதை 1818ஆம் ஆண்டில் நூலாயிற்று.

விக்டர் பிராங்கன்ஸ்டைன் என்னும் மாணவன் உயிரற்ற உடலுக்கு உயிரூட்டுகின்றான். எழுந்து நின்ற உருவத்தின் கோரத்தைக் கண்டு அஞ்சி ஓடிவிடுகின்றான். பெயர்கூட இடப்படாத அவ்வுயிர், அன்பை நாடிச் சென்ற இடமெல்லாம் அடிபடுகின்றது; பின்பு கொடுமை செய்கின்றது. பிராங்கன்ஸ்டைன் என்பது அவ்வுயிரின் பெயர் என்றே பலர் எண்ணுகின்றனர். நூலைப் படியாதவரே அவ்வாறு எண்ணுவர். அது படைத்தவனுடைய பெயர். இந்தப் பிழையே உரையாடலுக்கு நல்ல வாயிலாகும். குற்றவாளி யார்? கொலை செய்த உயிரா? அதனைப் படைத்துக் கைவிட்டவனா? கண்டவுடன் கல்லெறிந்த மக்களா? வட்டத்தில் உள்ளோர் இவ்வினாவுக்கு ஒரே விடை கூறுவது அரிது.

இனி, அற்புதக் கதைகளை நோக்குவோம். "மந்திரக் கதை குழந்தைகளுக்கு, வளர்ந்தவருக்கு அதில் என்ன இருக்கின்றது?" என்று கேட்போர் உளர். அவர்கட்கு விடையாக உர்சுலா லெ குவின் என்னும் அமெரிக்க எழுத்தாளர் 1968ஆம் ஆண்டில் வெளியிட்ட "எர்த்ஸீயின் மந்திரவாதி" என்னும் நாவலைக் காட்டலாம். கடலும் தீவுகளுமாகிய ஓர் உலகில், ஆடு மேய்த்த சிறுவன் ஒருவன் மந்திரம் பயிலும் பள்ளியில் சேர்கின்றான். அவனிடம் பேராற்றல் இருக்கின்றது. அதனினும் பெரிய செருக்கும் இருக்கின்றது. உடன்பயிலும் மாணவன் ஒருவன் ஏளனம் செய்ததைப் பொறாமல், தன் திறமையைக் காட்ட எண்ணி, ஆசிரியர் தடுத்த மந்திரத்தை உரைக்கின்றான். அதனால் பெயரில்லாத நிழல் ஒன்று உலகில் புகுந்து அவனைத் துரத்துகின்றது. அவன் முடிவில் யாது செய்தான் என்பதை நூலிலேயே காண்க.

இக்கதையில் மந்திரம் மனம்போனபடி நடப்பதில்லை. ஒரு பொருளின் மெய்ப்பெயரை அறிந்தவனே அதனை ஆளமுடியும். ஓரிடத்தில் மழையை வருவித்தால் வேறோரிடத்தில் வறட்சி உண்டாகலாம். ஆற்றல் உடையவன் அதன் விளைவையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். நல்ல அற்புதக் கதைக்கு இதுவே அடையாளம். மந்திரத்துக்கும் ஒரு நெறி இருக்கும். அதனைப் பயன்படுத்துவோன் ஒரு விலை கொடுப்பான். இடர் வரும்போதெல்லாம் புதிய மந்திரம் ஒன்று தோன்றி நாயகனைக் காக்கும் கதையில் அச்சமும் இல்லை, துணிவும் இல்லை, பேசுவதற்குப் பொருளும் இல்லை.

இந்நூலைப்பற்றி இன்னொரு செய்தியும் அறியத்தக்கது. கதைநாயகன் செம்பழுப்பு நிறத்தவன் என்று ஆசிரியர் தெளிவாக எழுதியிருந்தார். ஆயினும், பல பதிப்புகளின் அட்டைகளில் ஓவியர் அவனை வெள்ளை நிறத்தவனாகத் தீட்டினர். ஆசிரியர் அதனை வெளிப்படையாகக் கண்டித்தார். அட்டை சொல்வது வேறு, நூல் சொல்வது வேறாக இருக்கக்கூடும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

நூலின் அளவும் கருதத்தக்கது. இங்கிலாந்துப் பேராசிரியர் டோல்கீன் எழுதிய "மோதிரங்களின் தலைவன்" 1954, 1955ஆம் ஆண்டுகளில் மூன்று பகுதிகளாக வெளிவந்தது. ஆயிரம் பக்கங்களுக்கு மேற்பட்டது. ஒரு திங்களில் முடித்து வா என்று இதனைக் கொடுத்தால், தேர்வுக் காலத்து மாணவன் வட்டத்தையே வெறுப்பான். அதே ஆசிரியர் 1937இல் வெளியிட்ட "ஹாபிட்" அளவில் சிறியது. அவ்வுலகுக்குள் புகுவதற்கு ஏற்ற வாயில்.

"ஹாபிட்" அச்சேறிய வரலாறு, நூல் தேர்வோர் அனைவரும் அறியவேண்டியது. 1936ஆம் ஆண்டில் அதன் கையெழுத்துப் படி இலண்டன் பதிப்பாளர் ஸ்டான்லி அன்வினிடம் வந்தது. குழந்தைகளுக்குரிய நூலுக்குக் குழந்தைகளே தக்க நீதிபதிகள் என்பது அவர் கொள்கை. ஆகவே, பத்து வயதுடைய தம் மகன் ரெய்னரிடம் அதனைக் கொடுத்தார். படித்து முடித்து எழுதித் தரும் குறிப்புக்கு ஒரு ஷில்லிங் கூலி. சிறுவன் கதையைச் சில வரிகளில் சுருக்கி, நூல் நன்றாக இருக்கின்றது என்றும், ஐந்து முதல் ஒன்பது வயது வரையுள்ள பிள்ளைகள் விரும்புவர் என்றும் எழுதினான். தான் பத்து வயதை எட்டிவிட்ட பெரியவன் என்னும் எண்ணம் போலும்! நூல் அச்சேறியது, உலகெங்கும் பரவியது. பின்னாளில் அச்சிறுவனே பதிப்பாளராகி, டோல்கீனின் பெருநூலையும் வெளியிடத் துணைநின்றான்.

அச்சிறுவன் செய்தவை மூன்று. நூலை முடிவுவரை படித்தான். தன் கருத்தை எழுத்தில் வைத்தான். அது யாருக்கு ஏற்றது என்பதையும் கூறினான். வட்டத்தில் ஒரு நூலை முன்மொழிபவர் இம்மூன்றையும் செய்தால் தேர்வு செம்மையாக நடைபெறும். இருவரோ மூவரோ ஆளுக்கொரு நூலை முன்மொழியலாம். முன்மொழிபவர் தாம் அதனை முழுதும் படித்திருத்தல் வேண்டும். அந்நூல் எழுப்பும் வினா யாது, பக்கம் எத்துணை, நூலகத்தில் எத்தனை படிகள் கிடைக்கும் என்பவற்றை அரைப் பக்கத்தில் எழுதிவந்து படித்தல் வேண்டும். பிறகு ஒவ்வொரு நூலிலிருந்தும் ஒரு பக்கத்தை உரக்கப் படிக்கலாம். நடை இனிதா, மொழிபெயர்ப்புத் தெளிவா என்பது அந்த ஒரு பக்கத்திலேயே புலப்படும். அதன்பின் கைதூக்கி முடிவு செய்யலாம். தோற்ற நூலை அடுத்த திங்களுக்கு ஒதுக்கி வைத்தால், சிறுபான்மையோரும் மனம் வருந்தார்.

படிகள் குறைவு என்று கலங்க வேண்டுவதில்லை. இந்தியச் சட்டப்படி ஆசிரியர் மறைந்து அறுபது ஆண்டுகள் கழிந்தபின் அவருடைய நூல்கள் பொதுவுடைமையாகின்றன. 1851இல் மறைந்த மேரி ஷெல்லி, 1905இல் மறைந்த வெர்ன், 1932இல் மறைந்த ரொக்கேயா, 1946இல் மறைந்த வெல்ஸ் ஆகியோரின் மூலநூல்களை இன்று எவரும் விலையின்றிப் பெற்றுப் படிக்கலாம். ஒரே படிதான் உண்டெனில், ஒருவர் படிக்க மற்றவர் கேட்கலாம். பாரதம் கேட்ட ஊரார் கையில் ஆளுக்கொரு நூலா இருந்தது?

பிறநாட்டு நூல்களையே நாடித் தமிழ் நூல்களை மறந்துவிடுதலும் முறையன்று. பொறியியல் பயின்ற எழுத்தாளர் சுஜாதா, 1980களில் ஆனந்த விகடனில் "என் இனிய இயந்திரா" என்னும் விஞ்ஞானத் தொடர்கதையை எழுதினார். எண்களும் ஆணைகளும் மக்களை ஆளும் எதிர்கால இந்தியா அதில் காட்டப்படுகின்றது. அக்கதையில் ஜீனோ என்னும் இயந்திர நாய் தானே சிந்திக்கின்றது, குறும்பாகவும் பேசுகின்றது. மக்கள் பொறிகளைப்போல் அடங்கிக் கிடக்கும் நாட்டில், பொறி ஒன்று மனிதரைப்போல் நடந்துகொள்கின்றது. மொழிபெயர்ப்பின் தடையின்றி, எள்ளலும் நகையும் அப்படியே காதில் விழும்படி படிக்கக் கிடைப்பது தாய்மொழி நூலின் தனிச்சிறப்பு.

இவ்வாறெல்லாம் ஆராய்ந்து நூலைத் தேர்ந்த பின்னும் ஒன்று எஞ்சியிருக்கின்றது. தேர்ந்த நூலை முழுதாகப் படித்தல் வேண்டும். இதனை வற்புறுத்தும் இரு நிகழ்ச்சிகள் வரலாற்றில் உள்ளன.

அமெரிக்காவில் 1926ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட "மாதம் ஒரு நூல்" என்னும் கழகம், உறுப்பினர்களுக்கெனத் திங்கள்தோறும் நூல்களைத் தேர்ந்து அனுப்பிவந்தது. அது தேர்ந்த நூல் பல்லாயிரம் இல்லங்களை எட்டும். ஆசிரியருக்குப் பெரும்பொருள் சேரும். 1949ஆம் ஆண்டில், ஜார்ஜ் ஆர்வெல் எழுதிய "1984" என்னும் நாவல் அக்கழகத்தின் ஆராய்ச்சிக்கு வந்தது. மக்களின் சொல்லையும் நினைவையும் அரசே திருத்தி எழுதும் கொடிய எதிர்காலத்தைக் காட்டும் கதை அது. கதையினிடையே வரும் நீண்ட ஆராய்ச்சிப் பகுதியையும், ஈற்றில் உள்ள மொழிபற்றிய பின்னிணைப்பையும் நீக்கினால் நூலை ஏற்கலாம் என்று கழகத்தார் கூறினர். ஆர்வெல் அப்போது எலும்புருக்கி நோயால் மருத்துவ நிலையத்தில் கிடந்தார். பெருந்தொகை கைவிட்டுப் போகக்கூடும் என்பதை அவர் அறிவார். அறிந்தும், வெட்டுவதற்கு உடன்பட மறுத்தார். முடிவில் கழகமே இணங்கிற்று. நூலை முழுவடிவிலேயே ஏற்றுக்கொண்டது. அடுத்த ஆண்டின் முதல் திங்களில் ஆர்வெல் மறைந்தார். அவர் காத்த பக்கங்கள் இன்றும் நூலில் இருக்கின்றன.

மற்றொரு நிகழ்ச்சியில் ஆசிரியருக்குத் தெரியாமலே நூல் வெட்டப்பட்டது. ரே பிராட்பரி 1953ஆம் ஆண்டில் "பாரன்ஹீட் 451" என்னும் நாவலை வெளியிட்டார். நூல்களைத் தேடிப்பிடித்து எரிப்பதையே தொழிலாகக் கொண்ட ஒருவன், ஒரு நாள் அவற்றுள் ஒன்றைப் படிக்க முற்படும் கதை அது. பள்ளி மாணவர்க்கென 1967ஆம் ஆண்டில் தனிப்பதிப்பு ஒன்று வெளிவந்தது. அதில், தகாதவை என்று கருதிய சொற்களையும் செய்திகளையும் பதிப்பகத்தார் ஏறத்தாழ 75 இடங்களில் மாற்றியோ நீக்கியோ விட்டனர். நூல்களை அழிப்பதைக் கண்டிக்கும் நூலே இவ்வாறு சிதைந்து உலவியது. நூலைக் கருத்தூன்றிப் படித்த மாணவர் இதனைக் கண்டு ஆசிரியருக்குக் கடிதம் எழுதினர். 1979ஆம் ஆண்டில் பிராட்பரி இச்செய்தியை வெளிப்படுத்திக் கண்டித்தார். அதன்பின் நூல் பழைய வடிவிலேயே அச்சாயிற்று. அறிஞர் கண்ணுக்குத் தப்பியதை மாணவர் கண் கண்டது.

எல்லா நூல்களும் எல்லாப் பருவத்தினருக்கும் ஏற்றவை அல்ல. ஆர்வெலின் "1984" துன்பம் மிகுந்த கதை. பதினான்கு வயது மாணவர்க்கு அவரே 1945ஆம் ஆண்டில் வெளியிட்ட "விலங்குப் பண்ணை" பொருந்தும்; பண்ணை விலங்குகளின் கதையாக அது அதே வினாவை எழுப்புகின்றது. பருவத்துக்கு ஒவ்வாத நூலை வெட்டிக் கொடுப்பதைக் காட்டிலும், உரிய பருவம் வரும்வரை பொறுத்திருந்து முழுதும் கொடுப்பதே நேர்மை. நூல் ஒன்றை மறுப்பதற்கு வட்டத்தாருக்கு உரிமை உண்டு. அதனைச் சிதைப்பதற்கு உரிமை இல்லை.

கூடிப் படிப்போர் ஒத்த கருத்தினராகவே இருத்தல் வேண்டும் என்பதில்லை. மாறுபட்ட கருத்தைச் சினமின்றிக் கேட்கவும், தன் கருத்தை அச்சமின்றிக் கூறவும், வேண்டுமிடத்துத் தன் கருத்தை மாற்றிக்கொள்ளவும் பழகுவதற்கே அவர்கள் கூடுகின்றனர். நிகழும் செய்திகளைப்பற்றி வழக்காடும்போது சினமும் பகையும் விரைந்து மூளும். சந்திரனில் வாழும் எறும்பு மனிதரைப்பற்றியும், பெயரில்லாத நிழலைப்பற்றியும் பேசும்போது மனம் சற்றே விலகி நின்று அமைதியாக நோக்குகின்றது. நோக்கி முடித்த பின்னரே, தன் ஊரைப்பற்றியும் தன்னைப்பற்றியும் பேசியதை உணர்கின்றது. இப்பயிற்சி பெற்ற இளைஞர், பின்னாளில் ஊர்மன்றத்தில் அமர்ந்தாலும் நாட்டுமன்றத்தில் அமர்ந்தாலும், பிறர் சொல்லை இறுதிவரை கேட்டபின் தம் சொல்லைச் சொல்லும் பண்புடையோராய் விளங்குவர்.